மூன்று பக்கங்களில் ஒரே கோபுரம்

மெல்போர்னுக்கு அப்பால் எங்கள் பிரின்டேல் ஊரில் பால் மாவு ஆலை மூடப்பட்டு ஐந்து மாதம் கழிந்த பிறகும் வாரன் டிரெகியர் காலை நான்கு நாற்பதுக்கே விழித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் எழுப்பவில்லை, இருபத்தேழு ஆண்டுப் பழக்கம் எழுப்பியது. எழுந்து, நாய்க்குக் கதவைத் திறந்துவிட்டு, தேநீர் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்காருவார். வருத்தமா என்று யாரேனும் கேட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பார். அது பொய்யும் அன்று. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு போல, தொட்டால் தொட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நாட்டின் மறுகோடியில் பில்பராவில் இரும்புச் சுரங்கம். அவர் மனைவி ரெய்லீனின் அண்ணன் அங்கே மேற்பார்வையாளர். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில் என்று கணக்கு. மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மற்றொன்று, ஊரிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் எழும்பிக்கொண்டிருந்த புதிய பால் மாவு ஆலை. அங்கே உலர்த்துக் கோபுரத்துக்கு ஒரே ஒரு ஷிஃப்ட் தலைவர் தேவைப்பட்டார். ஆனால் அந்த ஆலை செய்தித்தாளில் விளம்பரம் செய்யவில்லை, விண்ணப்பமும் கேட்கவில்லை. இணையத்தில் வேலை தேடுவோரும் வேலை தருவோரும் கூடும் ஒரு தளம் இருக்கிறதல்லவா, அங்கே ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பக்கங்களைப் பார்த்து, பிடித்தவர்களை அவர்களே கூப்பிடுவார்களாம்.

வாரனுக்கும் அங்கே ஒரு பக்கம் இருந்தது. மகள் கல்லூரிக்குப் போன ஆண்டில் போட்டுக்கொடுத்தது. பெயர், ஊர், 'பால் மாவு ஆலைத் தொழிலாளி' என்று ஒரு வரி. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் தோளும்.

"அந்தச் சாம்பல் தலைதான் உனக்குப் பொருத்தமா இருக்கு" என்றார் ரெய்லீன். அவர் முதியோர் இல்லத்தில் காலைப் பணி முடித்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நூலகத்துல புதன்கிழம சொல்லித்தர்றாங்களாம். போயிட்டு வா. சும்மா உக்காந்து சுவத்தப் பாக்காத."

"சுவர் ஒண்ணும் கேக்கறதில்ல."

"நான் கேப்பேன். நீ பில்பரா போனா மாசத்துல மூணு வாரம் நான் நாய்கூடத்தான் பேசணும். அது உன்னவிட நல்லாக் கேக்கும், ஆனா குப்பைத் தொட்டிய வெளிய எடுத்து வைக்காது."

வாரன் போனார்.

நூலகத்தின் பின்னறையில் மூன்று மேசைகள் போட்டு மூன்று ஆலோசகர்கள் அமர்ந்திருந்தார்கள். வேலைவாய்ப்பு உதவி மையம் அவர்களை அனுப்பியிருந்தது. ஆலையின் முந்நூறு பேரும் ஒவ்வொரு புதனிலும் ஒரு பகுதியாக வந்து போனார்கள். வாரனுக்கு வாய்த்தவர் டாம்சின் என்ற பெண், கனிவானவர், பகலுணவுக்குக் கொண்டுவந்த பழத்தைத் தின்னவும் நேரமில்லாமல் அது மேசையில் கறுத்துக்கொண்டிருந்தது. வாரன் வீட்டில் எழுதிக் கொண்டுவந்த தாளை அவர் படித்தார்.

"'நாங்க மாவு தயாரிச்சோம். நாங்க கோபுரத்தக் கழுவினோம். எங்க ஷிஃப்ட்டுல ஒன்பது வருஷமா யாருக்கும் அடிபடல.' நாங்கன்னா யாரு வாரன்?"

"பி ஷிஃப்ட்."

"பி ஷிஃப்ட்டுக்கு யாரும் வேல குடுக்க மாட்டாங்களே."

"இருபத்தேழு வருஷம் குடுத்தாங்க."

டாம்சின் சிரித்தார். பிறகு பேனாவால் தாளில் இருந்த ஒவ்வொரு 'நாங்க'வையும் சுழித்தார். பதினேழு இருந்தன.

"பக்கத்தத் தேடிப் பாக்கறது முதல்ல ஆளே இல்ல, மென்பொருள். அதுக்கு 'நாங்க' ஒண்ணும் புரியாது. நீங்க என்ன பண்ணினீங்க, அதச் சொல்லணும். ஒரு நெருக்கடி, அதுல நீங்க செஞ்ச காரியம், அதனால வந்த பலன். மூணே வரி. யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பி ஷிஃப்ட்டில் நெருக்கடி என்றால் ஒன்றுதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதம், காலை ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரம். அந்த ஆலையில் ஷிஃப்ட் மாறும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு: போகிறவர் வருகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எந்த வால்வு இறுகுகிறது, எந்த விளக்கு காரணமில்லாமல் எரிகிறது, யார் என்ன செய்தார், யார் என்ன செய்யவில்லை, ஒன்றும் விடக்கூடாது. சொல்லாமல் விட்டது எதுவோ அதுதான் அடுத்தவரைக் கொல்லும் என்பது அங்கே புதிதாகச் சேர்பவர் கேட்கும் முதல் பாடம்.

அன்று வாரன் கட்டுப்பாட்டு அறையில் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்தார். கோபுரத்து இயந்திரங்களை இயக்கும் லியோனி மாக் படியிறங்கி வந்து கதவருகே நின்றார்.

"எவன்டா டோஸ்ட்டக் கருக்குனது?"

யாரும் ரொட்டி சுடவில்லை. அன்று ஓய்வறையில் ரொட்டியே இல்லை. அதே ஷிஃப்ட்டைச் சேர்ந்த டெஸ் ஹார்வுட் அதைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கோபுரத்தின் உட்புறம் காட்டும் திரையைப் பார்த்தார். எட்டு மாடி உயரக் கோபுரத்தின் உச்சியில், பால் பூவாய்த் தெறித்து கொதிநீரைவிடச் சூடான காற்றில் மாவாகும் இடத்தில், பாலைத் தெளிக்கும் குழாய்முனை ஒன்றில் மாவு கட்டிதட்டித் தாடிபோல் தொங்கியது. தாடியின் நுனி சிவந்திருந்தது. அது விழுந்திருந்தால் கீழே மிதக்கும் மாவு முழுவதும் வெடிமருந்து. டெஸ் "சிவப்பு" என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னார். வாரன் ஸ்விட்ச்சை அழுத்திப் பாலை நிறுத்தித் தண்ணீரைத் திறந்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

பிறகு மேலாளர் ஒரு படிவத்தோடு வந்தார். அபாயத்தைத் தடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில் மூவரும் சேர்ந்து 'பி ஷிஃப்ட்' என்று எழுதினார்கள். அதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தில் வேறு என்ன எழுதுவதென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆலை ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவை பரிசளித்தது. வாரனுடையதன் மூடி இப்போது ஒழுகுகிறது.

இதை வாரன் சொல்லி முடித்தபோது டாம்சின் தட்டச்சு செய்துவிட்டிருந்தார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

'எட்டு மாடி உலர்த்துக் கோபுரத்தில் ஏற்படவிருந்த வெடிவிபத்தை, நொடிப்பொழுதில் முடிவெடுத்துத் தனியொருவனாகத் தடுத்து நிறுத்தினேன்.'

"தனியாவா?" என்றார் வாரன்.

"ஸ்விட்ச்ச அழுத்தினது நீங்கதானே?"

"அழுத்தினது நான்தான்."

"அப்ப இதுல பொய் எதுவும் இல்லையே."

வாரன் அந்த வரியை மறுபடி படித்தார். பொய் எங்கே இருக்கிறதென்று விரல் வைத்துக் காட்ட அவரால் முடியவில்லை. எவ்விதக் கூச்சமாவது எழுமா என்று காத்திருந்தார். எழவில்லை. "சரி" என்றார்.

அதன் பிறகு வேலை விரைவாக நடந்தது. 'பால் மாவு ஆலைத் தொழிலாளி' என்ற வரி போய், 'உணவுப் பாதுகாப்பிலும் அனல் உலர்த்தலிலும் இருபத்தேழு ஆண்டு அனுபவமுள்ள செயல்பாட்டுத் தலைவர்' வந்தது. திறன்கள் என்ற தலைப்பில் ஐந்து சேர்ந்தன. நெருக்கடிக் காலத் தலைமை அவற்றுள் முதலாவது. சாம்பல் தலைக்குப் பதிலாக, மகள் திருமணத்துக்கு வாங்கிய சட்டையில், மழைநீர்த் தொட்டியின் முன் ரெய்லீன் எடுத்த படம் ஏறியது. ஓரத்தில் நாயின் வால் விழுந்திருந்தது. வேலைக்குத் தயார் என்று சொல்லும் பச்சை வளையம் ஒன்று படத்தைச் சுற்றி வந்தது.

"இந்த ஆள எனக்கும் அறிமுகப்படுத்தி வை" என்றார் ரெய்லீன் அன்று மாலை, பக்கத்தைப் படித்துவிட்டு. "நல்லா சம்பாதிக்கறவனாத் தெரியறான்."

கூடவே உழைத்தவர்களின் பரிந்துரை வேண்டும் என்று டாம்சின் சொல்லியிருந்தார். வாரன் டெஸ்ஸிடம் கேட்டார். இரண்டு நாள் கழித்து டெஸ்ஸின் பரிந்துரை வந்தது: 'வாரனோட பதினெட்டு வருஷம் வேல பாத்தேன். பரவாயில்ல.'

அடுத்த புதனன்று டாம்சின் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இத வெச்சு நான் என்ன செய்ய?"

"அவன் பெண்டாட்டியப் பத்திக்கூட இவ்ளோ நல்லாச் சொன்னதில்ல" என்றார் வாரன்.

ஒன்றை மட்டும் வாரன் செய்யவில்லை. டெஸ், லியோனி ஆகியோரின் பக்கங்களை அவர் திறந்து பார்க்கவில்லை. அந்தத் தளத்தில் ஒருவருடைய பக்கத்தை நீங்கள் திறந்தால், இன்னார் உங்களைப் பார்த்தார் என்று அவருக்குச் செய்தி போய்விடும். பிரின்டேலில் அடுத்த வீட்டுச் சன்னலுக்குள் பார்ப்பதே தவறு. பார்த்தேன் என்று சீட்டு எழுதி அனுப்புவது அதனினும் தவறு. ஆகவே ஊரில் யாரும் யாருடைய பக்கத்தையும் திறக்கவில்லை. மூன்று மேசைகளில், மூன்று புதன்களில், அதே 'நெருக்கடி, காரியம், பலன்' படிவத்தை வைத்துக்கொண்டு யார் யார் என்ன எழுதினார்கள் என்பது அவரவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

வாரந்தோறும் தளத்திலிருந்து கடிதம் வரும். இந்த வாரம் உங்களை நான்கு பேர் பார்த்தார்கள். இந்த வாரம் ஒன்பது பேர். வாரன் அதைத் திறப்பார், மூடுவார். பிப்ரவரி கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. புதிய ஆலைக்கு ஆளெடுக்கும் ஹெலினா என்பவர் பேசினார். கோபுரத்தை நிறுத்திய கதையைப் படித்ததாகவும், நேரில் பேச வேண்டும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்து மணி.

"கெடச்சிரும்" என்றார் ரெய்லீன். இரண்டு நாளாக வீட்டில் அவர் பாடும் சத்தம் கேட்டது. வாரனுக்கும் அது கேட்டது. நல்ல பாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளியன்று அவர் புதிய ஆலையின் வாயிலில் வண்டியைத் திருப்பியபோது எதிரே டெஸ்ஸின் பழைய வண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. டெஸ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். வாரனும் ஒரு விரலை உயர்த்தினார். நாட்டுப்புறச் சாலையில் யார் எதிர்ப்பட்டாலும் செய்யும் வணக்கம்தான் அது. ஆனால் டெஸ்ஸும் திருமணச் சட்டை அணிந்திருந்தார்.

அறையில் ஹெலினா மட்டும் இருந்தார். மெல்போர்னிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து போகிறவர். கை கொடுத்தார், தண்ணீர் ஊற்றி வைத்தார். பிறகு மூன்று தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"சுத்தி வளைக்காமக் கேக்கறேன் வாரன். இது உங்க பக்கம். இது டெஸ்ஸோடது. இது லியோனியோடது. ஒரே ஆல, ஒரே கோபுரம், ஒரே தேதி. மூணு பேரும் தனித்தனியா, வேற யாரோட உதவியும் இல்லாம, அத நிறுத்தியிருக்கீங்க."

வாரன் தாள்களைப் பார்த்தார். டெஸ்ஸின் தாளில் 'கண்காணிப்புக் கருவிகளின் வழியே அபாயத்தைத் தனியொருவனாக இனங்கண்டு தடுத்தேன்' என்றிருந்தது. லியோனியின் தாளில் 'வெப்பநிலை மாறுபாட்டைக் கருவிகளுக்கும் முன்பாகக் கண்டறிந்து வெடிவிபத்தைத் தடுத்தேன்' என்றிருந்தது. மூன்று படங்களைச் சுற்றியும் மூன்று பச்சை வளையங்கள். லியோனி காதணி போட்டிருந்தார். இத்தனை ஆண்டில் அவர் காதணி போட்டு வாரன் பார்த்ததில்லை. ஆலைக்குள் அதற்கு அனுமதியில்லை.

"டெஸ் என்ன சொன்னான்?"

"'வாரன் வருவான், அவங்கிட்டக் கேளுங்க, குறிப்பேடு எழுதறவன் அவந்தான்'னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு."

வாரன் தலையசைத்தார். அது சரியான பதில்தான்.

"எனக்கு வேண்டியது ஒரு ஆள்" என்றார் ஹெலினா. "மூணு பேருமே பொய் சொல்றீங்கன்னா மூணு பேருமே வேண்டாம். ஒருத்தர் நெசம்னா அவர எடுத்துக்கறேன். உங்களுக்கு அப்புறம் பதினோரு மணிக்கு லியோனி வர்றாங்க. நீங்க சொல்லுங்க. ஸ்விட்ச்ச அழுத்தினது யாரு?"

"நான்."

ஹெலினா பேனாவை எடுத்தார். அந்த இடத்தில் வாரன் நிறுத்தியிருக்கலாம். அது உண்மை, கேட்ட கேள்விக்கு நேரான பதில், நாற்பது நிமிடத் தொலைவில் வேலை, ரெய்லீனின் பாட்டு. இவை எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தன. ஆனால் தமக்கு அடுத்தபடியாக இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் லியோனி என்று கேட்டவுடன், அவருக்குள் வேறொன்று பழக்கத்தால் அசைந்தது. ஷிஃப்ட் மாறுகிறது. போகிறவர் ஒன்றும் விடக்கூடாது.

"பத்து நிமிஷம் இருந்துச்சு ஆறு மணிக்கு" என்று தொடங்கினார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "லியோனி படியெறங்கி வந்து, யாரு டோஸ்ட்டக் கருக்குனதுன்னு கேட்டா. யாரும் டோஸ்ட் போடல. கருவி எதுவும் கத்தல. அவ மூக்குதான் மொதல்ல. டெஸ் திரையப் பாத்து, சிவப்புன்னு சொன்னான். நான் பால நிறுத்தித் தண்ணியத் தொறந்தேன். அவ சொல்லலன்னா அவன் திரையப் பாத்திருக்க மாட்டான். அவன் பாக்கலன்னா நான் எழுதிட்டே இருந்திருப்பேன். ரெண்டாம் எண் முனை அதுக்கு முந்தின வாரமே கொஞ்சம் சொட்டிச்சு. அத யாரும் எழுதி வைக்கல. நானும் எழுதல. அதையும் குறிச்சுக்கோங்க."

ஹெலினா குறித்துக்கொள்ளவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மூணு பேர்ல யாருக்குக் குடுக்கட்டும்?"

"ஸ்விட்ச்ச யாரு வேணா அழுத்தலாம். செவப்பு எழுத்துல அழுத்துன்னே போட்டிருக்கும். மூக்குக்கு அப்படி எழுத்து எதுவும் கெடயாது."

"இந்தத் தாள்ல இருக்கறது?"

"எழுதிக் குடுத்தாங்க. நல்ல பொண்ணு. நான்தான் சரின்னு சொன்னேன்."

நாற்பது நிமிடம் ஓட்டித் திரும்பும் வழியில் வானொலியைக்கூட அவர் போடவில்லை. ஏதேனும் தோன்றுகிறதா என்று தம்மையே ஒருமுறை சோதித்தார். பசித்தது. அவ்வளவுதான்.

ரெய்லீன் எல்லாவற்றையும் கேட்டார். பாத்திரம் துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அழுத்தினது நான்னு சொன்னேல்ல?"

"சொன்னேன்."

"அதோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"ஷிஃப்ட் மாத்தும்போது அப்படி நிறுத்த முடியாது ரெய்லீன்."

"அது ஷிஃப்ட் இல்லடா முட்டாளே. அது இன்டர்வியூ."

அவர் அதற்குமேல் திட்டவில்லை. அண்ணனுக்குத் தொலைபேசி செய்யக் கொல்லைப்புறம் போனார்.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதை சொல்ல வேண்டும். ஆற்றோரத்துத் தைல மரம் ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமான மூன்று மேக்பைப் பறவைகள் குடியிருந்தன. ஒருநாள் முட்டை திருட ஏறிய உடும்பை மூன்றும் சேர்ந்து கொத்தி விரட்டின. காட்டுக்கு ஒரு காவல் பறவை வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்த ஆந்தை வந்து, விரட்டியது யார் என்று கேட்டது. "நாங்கள்" என்றன மூன்றும். "நாங்கள் என்ற பெயரில் ஒரு பறவையும் என் பட்டியலில் இல்லையே" என்றது ஆந்தை. பக்கத்து மரத்துக் கிளி இரக்கப்பட்டு, மூன்றையும் தனித்தனியே அழைத்து, "நான் என்று சொல்லப் பழகு" என்று கற்றுக்கொடுத்தது. மறுமுறை ஆந்தை வந்தபோது மூன்று திசையிலிருந்தும் "நான்", "நான்", "நான்" என்று கேட்டது. ஆந்தை குழம்பிப்போய், உடும்பை வரவழைத்து விசாரித்தது. உடும்பு சொன்னது: "ஐயா, என் முதுகில் மூன்று காயம் இருக்கிறது. எது யாருடையது என்று திரும்பிப் பார்க்கிற நிலையில் அன்று நான் இல்லை." வகுப்பறையில் இக்கதையைச் சொன்னால் பிள்ளைகள் உடும்பின் பேச்சுக்குச் சிரிப்பார்கள். ஆந்தை என்ன செய்தது என்று கேட்கும் பிள்ளைக்குத்தான் பதில் சொல்லக் கடினம். உலகத்தில் ஆந்தைகள் ஒரு கிளைக்கு ஒரு பறவையைத்தான் நியமிக்க முடியும்.

மார்ச் இரண்டாம் வாரம் தளத்திலிருந்து வாரனுக்கு ஒரு செய்தி வந்தது. லியோனி மாக் புதிய பொறுப்பை ஏற்றிருக்கிறார். அதன் கீழே, விரலால் ஒருமுறை தட்டினாலே போகும்படி மூன்று வாழ்த்துகள் ஆயத்தமாக எழுதப்பட்டிருந்தன. வாரன் மூன்றையும் படித்தார். அவற்றில் எதுவும் லியோனியிடம் நேரில் சொல்லக்கூடியதாக இல்லை. மூடிவைத்துவிட்டு நாயைக் குளிப்பாட்டப் போனார்.

சனிக்கிழமை பிற்பகல் லியோனியே வந்தார். வண்டியிலிருந்து இருபத்துநான்கு பீர் டின்கள் அடங்கிய பெட்டியை இறக்கி, வாசற்படியில் பொத்தென்று வைத்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் செய்த உதவிக்கு வாயால் நன்றி சொல்லும் வழக்கம் குறைவு; பெட்டிதான் பேசும்.

"ஏ கெழவா, உசுரோட இருக்கியா?"

"பாதி."

"மிச்சப் பாதிக்கு இது." லியோனி படியில் உட்கார்ந்தார். ஈரநாய் வந்து அவர் மடியில் உடம்பைத் தேய்த்தது. "அந்தப் பொம்பளகிட்ட என்ன சொல்லி வெச்ச?"

"நடந்ததச் சொன்னேன்."

"நான் உள்ள போய் உக்காந்த ஒடனே, கருகுன டோஸ்ட்டுக்கும் கருகுன பாலுக்கும் வாசன எப்படி வித்தியாசம்னு கேக்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா என் பக்கத்துல டோஸ்ட்டே இல்ல. வெப்பநில மாறுபாடுன்னு என்னமோ இருக்கு. அதப் படிச்சா எனக்கே யாரோ செத்துப்போன விஞ்ஞானி மாதிரி இருந்துச்சு."

"என்ன சொன்ன?"

"பால் கருகினா கடைசில ஒரு இனிப்பு வரும், டோஸ்ட்டுல வராதுன்னு சொன்னேன். பேனாவ வெச்சுட்டா. அவ்ளோதான், அதுக்கப்புறம் வேற எதுவும் கேக்கல." சற்று நேரம் நாயின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் வேண்டாம்னு சொல்லிரட்டுமா வாரன்?"

"சொன்னா இந்தப் பெட்டியத் தூக்கி உன் தலைலயே போடுவேன்."

"உன்னால தூக்க முடியாது. முதுகு போயிரும்."

"டெஸ்ஸக் கூப்பிடுவேன்."

டெஸ் அதற்குள் பால் லாரி ஓட்டப் போயிருந்தார். ரெய்லீன் வெளியே வந்து லியோனியைப் பார்த்தார். பிறகு ரெய்லீன், "காதணி நல்லாருக்கு" என்று சொல்லி, குடிக்க மூன்று டின்களைக் குளிர்பெட்டியில் வைக்க எடுத்துப் போனார். அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வாரன் மெல்போர்ன் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். காலடியில் சுரங்கத்துக்கென வாங்கிய காலணிகள், பையில் ஒழுகும் மூடியுடன் வெந்நீர்க் குடுவை. பில்பராவுக்கு வழியான பெர்த் விமானத்துக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. செய்வதற்கு ஒன்றுமில்லாததால் கைபேசியில் தம் பக்கத்தைத் திறந்தார். திருமணச் சட்டையில் ஒருவர் மழைநீர்த் தொட்டியின் முன் நின்றார். முதலில் பச்சை வளையத்தை எடுத்தார். வேலைதான் கிடைத்துவிட்டதே. பிறகு 'தனியொருவனாக' என்று வரும் வரியில் விரலை வைத்து அழித்தார். அந்த இடத்தில், குறிப்பேட்டில் எழுதுவதுபோல் எழுதினார்:

'ஆகஸ்ட், காலை 5.50. கோபுரத்தில் கருகல். லியோனி மோப்பம் பிடித்தார். டெஸ் திரையில் கண்டார். நான் பாலை நிறுத்தித் தண்ணீரைத் திறந்தேன். பி ஷிஃப்ட்.'

இந்த மாற்றத்தை உங்கள் தொடர்புகளுக்கு அறிவிக்கலாமா என்று தளம் கேட்டது. வேண்டாம் என்று தட்டினார்.

அறிவிக்காமலும் கால்மணி நேரத்தில் ஒரு செய்தி வந்தது: டெஸ் ஹார்வுட் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்.

வாரன் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் பிரின்டேலில் ஒருவர் மற்றவர் பக்கத்தைத் திறந்தது இதுவே முதன்முறையாக இருக்க வேண்டும். பார்த்தது தெரிந்துவிடும் என்று தெரிந்தே திறந்திருக்கிறார். அடுத்து டெஸ்ஸிடமிருந்தே செய்தி வந்தது. லாரியை எங்கோ பண்ணை வாசலில் நிறுத்திவிட்டுத் தட்டியிருக்க வேண்டும்.

'டோஸ்ட்ட விட்டுட்டியே.'

பெர்த் செல்லும் பயணிகளை வரிசைக்கு அழைத்தார்கள். வாரன் எழுந்திருக்கவில்லை. டெஸ் சொன்னது சரிதான், விட்டிருக்கக் கூடாது. பக்கத்தை மறுபடி திறந்து, 'லியோனி மோப்பம் பிடித்தார்' என்பதற்கு முன்னால், யாரும் டோஸ்ட் போடவில்லை என்ற மூன்று சொற்களைச் சேர்த்தார். சேர்த்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று ஆதியிலிருந்து ஒருமுறை படித்தார். மூக்கின் அடியில் எதுவோ மெல்லக் கருகுவதுபோலத் தோன்றியது. பால்தான், கடைசியில் ஓர் இனிப்பு இருந்தது.

வரிசை நகரத் தொடங்கியது. அவர் பையை எடுத்துக்கொண்டு அதன் கடைசியில் போய் நின்றார்.